ஆறு ஊரும் ஒரு காலிக் கட்டமும்

லைல் வாண்டர்வீன் தன் வாழ்க்கை வரலாற்றை ஒரே அட்டையில் எழுதி, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். பெரிய மனிதர்கள் பலருக்கு இந்த அடக்கம் வாய்ப்பதில்லை.

அயோவாவில், மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே இருக்கும் பெல்ஃபோர்ட் என்ற சிற்றூரின் கல்லூரியில், அமெரிக்கக் கால்பந்து அணிக்கு அவர் தாக்குதல் பயிற்சியாளர். பந்து நம் கையில் இருக்கும்போது அடுத்து என்ன செய்வது என்று சொல்பவர். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு திட்டம், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு பெயர். மற்ற பயிற்சியாளர்கள் மிருகங்களின் பெயர் வைப்பார்கள். லைல் ஊர்ப் பெயர் வைத்தார். எந்த ஊரில் எந்தத் திட்டம் அவர் வேலைக்கு உலை வைத்ததோ, அந்தத் திட்டத்துக்கு அந்த ஊரின் பெயர். இருபத்து மூன்று வருடத்தில் ஆறு ஊர். அட்டையின் ஓரத்தில் ஏழாவது கட்டம் காலியாக இருந்தது.

“அப்பா, நம்ம ஊர் பேரை எதுக்கு வைக்கப் போறே?” என்று மகள் டெஸ் அவ்வப்போது விசாரிப்பாள். ஐந்து பள்ளிக்கூடம் பார்த்த பெண். பள்ளிப்படிப்பில் இது கடைசி வருடம். மே மாதம் வரைக்கும் இந்த ஊரைவிட்டு நகர மாட்டோம் என்று அவளுக்கு லைல் வாக்குக் கொடுத்திருந்தார். பயிற்சியாளர்கள் கொடுக்கக் கூடாத ஒரே பொருள் அதுதான்.

ஏனென்றால் இது நவம்பர். எட்டாவது தோல்விக்குப் பிறகு கல்லூரித் தலைவர் காபி கொடுத்து, தோளைத் தட்டி, “கடைசி ஆட்டமும் போச்சுன்னா, எல்லாருமா உக்காந்து புதுசா யோசிப்போம்” என்றார். அந்த ‘எல்லாரும்’ என்பதில் பயிற்சியாளர்கள் சேர்த்தி இல்லை. வீடும் கல்லூரியுடையது. வேலை போனால் கிறிஸ்துமசுக்குள் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

புதன்கிழமை காலையில் வாசல் புல்தரையில் ‘விற்பனைக்கு’ என்று ஒரு பலகை முளைத்திருந்தது. அந்தப் பக்கத்தில் பயிற்சியாளரை வழியனுப்ப ஊர் செய்யும் மரியாதை அது. மனைவி மார்வா குளிரில் நின்று அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“குழியை எவ்வளவு நேர்த்தியா வெட்டியிருக்கான் பாரு. இது டிராக்டர் கடை ஆர்லிஸ் வேலைதான்.”

“பிடுங்கிடவா?” என்றார் லைல்.

“இருக்கட்டும். சனிக்கிழமை தெரிஞ்சுடும்ல” என்று உள்ளே போனாள். வண்டிக்கொட்டகையில் ஆறு அட்டைப்பெட்டி நிறைய அவளுடைய பீங்கான் தட்டுகள். வந்து மூன்று வருடமாகியும் அவள் பிரிக்கவில்லை. அனுபவசாலி.

ஞாயிறு முதல் புதன் வரை லைல் எதிரணியின் பழைய ஆட்டங்களைப் படமாகப் பார்ப்பார். வியாழக்கிழமை அட்டையை எழுதுவார். மூன்றாம் முயற்சி, ஏழு கஜம் என்றால் இது. நான்காம் முயற்சி, இரண்டு கஜம் என்றால் அது. வியாழக்கிழமை லைல் சூப் குடித்த நிதானமான மனிதர். சனிக்கிழமை லைல் கைநடுங்கி. ஆகவே சனிக்கிழமைக்காரர் வியாழக்கிழமைக்காரருக்குக் கீழ்ப்படிய வேண்டும். மதமென்று அவருக்கு இருந்தது இவ்வளவுதான்.

சனிக்கிழமை மதியம் அவர் உட்கார்ந்த இடம், பார்வையாளர் படிக்கட்டுகளுக்கு மேலே இருந்த மரப்பெட்டி அறை. ஜன்னலைச் சாத்தினால் கண்ணாடி பனி மூடும் என்பதால் திறந்தே இருக்கும். ஜன்னலுக்கு நேர் கீழே, டிராக்டர் உதிரிபாகக் கடை ஆர்லிஸின் நிரந்தர இருக்கை.

முதல் முயற்சியிலேயே லைல் காதுக்கருவியில் ‘பிக்ஸ்லி’ சொன்னார். பந்தை ஓட்டக்காரன் கையில் கொடுத்து நடுவே முட்டித் தள்ளுகிற ஆட்டம். மூன்று கஜம். மறுபடி பிக்ஸ்லி. இரண்டு கஜம். நான்காவது தடவை ஆர்லிஸ் கழுத்தைத் திருப்பினார்.

“யோவ் கோச், உங்க அட்டைல ஒரே ஒரு ஆட்டம்தான் இருக்கா? மீதி எடம் மளிகைச் சீட்டா?”

லைல் பார்த்துக்கொண்டிருந்தது எதிரணியின் நடுத் தடுப்பாளன், நாற்பத்து நாலாம் எண். முதல் பிக்ஸ்லிக்கு அவன் நின்ற இடத்தில் நின்றான். நான்காவதற்கு ஓரடி முன்னே வைத்தான்.

“என் மாட்டுக்குக்கூட இந்த ஆட்டம் மனப்பாடம் ஆயிடுச்சு” என்றார் ஆர்லிஸ், ஆறாவதற்கு. படிக்கட்டு முழுக்கச் சிரித்தது. எட்டாவதற்கு நாற்பத்து நாலு இரண்டடி வைத்தான். லைல் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டார்.

கடைசியில் எல்லாம் வந்து ஓர் இடத்தில் நின்றது. நான்கு புள்ளி பின்தங்கல். முப்பத்தோரு விநாடி பாக்கி. எல்லைக்கோட்டுக்கு ஒன்பது கஜம், தாண்டினால் ஆறு புள்ளி. நான்காம் முயற்சி, இரண்டு கஜம் வேண்டும். கம்பத்துக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளிதான், பிரயோசனமில்லை. தலைமைப் பயிற்சியாளர் ராய்ஸ் டீட்ரிக் கீழே மைதான ஓரத்தில் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, காதுக்கருவியில் பேசினார். ஜெயித்த ஆட்டங்களில் அவர் ‘நான் முடிவெடுத்தேன்’ என்பார்.

“லைல், இது உன் முடிவு. நான் தலையிட மாட்டேன்.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க கோச்?”

“நான் எதுவும் நினைக்கலைன்னு நாளைக்குச் சொல்லணும்.”

லைல் அட்டையைப் பார்த்தார். நான்காம் முயற்சி, இரண்டு கஜம்: அல்டோனா. பிக்ஸ்லி மாதிரியே தொடங்கி, பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை செய்து, நடுத் தடுப்பாளன் முன்னே பாய்ந்ததும் அவன் விட்ட இடத்துக்குள் எறிவது. இதே நிலைமையில், ஆறாவது ஊரான அல்டோனாவில், பந்து பையனின் உள்ளங்கையில் பட்டுத் தரையில் விழுந்தது. அடுத்த திங்கட்கிழமை டெஸ் பள்ளிக்கூடத்தில் அழுதுவிட்டு வந்தாள். வியாழக்கிழமைக்காரன் சூப் குடித்துவிட்டு இதையா எழுதிவைத்தான் என்று சனிக்கிழமைக்காரருக்கு ஆத்திரமாக வந்தது. விரல் தானாகப் பிக்ஸ்லிக்கு நகர்ந்தது. முட்டினால் இரண்டு கஜம் அநேகமாகக் கிடைக்கும். பிக்ஸ்லி ஊராரைத் தவிர எல்லோரும் மன்னிக்கிற தோல்வி என்று ஒன்று இருந்தால், முட்டித் தோற்பதுதான்.

எதிரணி தலைகூடி நின்றது. நாற்பத்து நாலு என்ன நினைக்கிறான் என்று தெரியவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கப் பன்னிரண்டு விநாடி.

ஜன்னலுக்குக் கீழே ஆர்லிஸ் எழுந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது, அவருக்கும் இந்த அணிதான் உயிர்.

“கோச், அதையே ஓட்டுங்க. ரெண்டு கஜம்தானே. அதான் ஓடுது. வேற எதுவும் வேணாம், கெஞ்சிக் கேக்கறேன்.”

லைலின் விரல் நின்றது. மூன்று மணி நேரமாக பிக்ஸ்லியைக் கரித்துக்கொட்டிய மனிதர், இப்போது அதன்மேல் சத்தியம் செய்கிறார். ஆர்லிஸே நம்பிவிட்டாரென்றால், நாற்பத்து நாலு எந்த மூலைக்கு.

“அல்டோனா” என்றார் லைல்.

காதுக்கருவியில் ராய்ஸ் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

பந்தெறியும் குவார்ட்டர்பேக் பையன் பந்தை ஓட்டக்காரனின் வயிற்றில் அழுத்தினான். நாற்பத்து நாலு மூன்றடி, நான்கடி பாய்ந்தான். பந்து இன்னும் பையன் கையிலேயே இருந்தது. நாற்பத்து நாலு விட்டுப்போன வெற்றிடத்தில் பெல்ஃபோர்ட்டின் ஓர் ஆள் தனியாக எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடினான். எறிந்த பந்து உயரமாகப் போனது. உள்ளங்கையில் பட்டுத் துள்ளியது. லைல் கண்ணை மூடிக்கொண்டார். அவர் ஆட்டத்தைப் பார்த்தது ஆர்லிஸின் சத்தத்தில்தான்.

“புடிச்சுட்டான்” என்றார் ஆர்லிஸ், மெதுவாக, நம்பாமல். பிறகு எல்லோருக்கும் கேட்க, “எறியச் சொல்லி நான்தானே சொன்னேன்.”

அன்றிரவு வானொலியில் ராய்ஸ், “அந்தக் கடைசி முடிவு எனக்கு வியாழக்கிழமையே மனசுல இருந்தது” என்றார்.

ஞாயிறு காலை ஆர்லிஸ் கடப்பாரையோடு வந்து பலகையைப் பிடுங்கி, குழியை மூடி, மேலே புல்லைப் பதித்தார்.

“தூக்கிப் போட்டுடாதீங்க, நல்ல பலகை” என்றார் லைல்.

“சேச்சே. கொட்டகைல பத்திரமா வச்சிருப்பேன், கோச். அடுத்த நவம்பருக்கு ஆகும்ல.”

டெஸ் சாப்பாட்டு மேசையில் அட்டையை எடுத்து, இன்னும் காலியாக இருந்த ஏழாவது கட்டத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். மார்வா அன்றைக்கு ஒரு பெட்டியைப் பிரித்தாள். மீதி ஐந்தைத் தொடவில்லை.