வயிறு கீறாத தோல்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் சந்தைப் பக்கம் போகாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லலாம்; ஆனால் நானே நேற்றுப் போனேன். இறைச்சிக்கடை வாசலில் உப்புத் தடவிய ஆட்டுத்தோல்கள் குவிந்து கிடந்தன. அந்த வாடை மூக்கில் ஏறியதும் மாணிக்கம் அண்ணை நினைவுக்கு வந்துவிட்டார்.

மாணிக்கம் என்பது எங்கள் ஆட்கள் வைத்த பெயர். உண்மையில் மனோலிஸ். கிரேக்க நாட்டுத் தீவொன்றில் பிறந்து, சரக்குக் கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். யுத்தத்தில் அந்தக் கப்பல் மூழ்க, வேறொரு கப்பல் அவரைத் தூக்கிவந்து திருகோணமலையில் இறக்கியது. துறைமுகப் பட்டறையில் வேலை கொடுத்தார்கள். நான் அங்கே கிளாக்கர். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன். இங்கிலீஷ் தெரிந்த கொழுப்பில் கொளுத்தும் வெயிலிலும் கோட்டுப் போட்டுத் திரிந்த காலம். அவருடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம் என்பதால் எங்களுக்குள் நல்ல ஒட்டு.

கடலிலிருந்து அவரோடு தப்பியது சட்டைக்குள் செருகியிருந்த, வாயால் ஊதுகிற இரட்டைக் குழல் மட்டும். அதைப் பொருத்த ஆட்டுத்தோல் பை வேண்டும். ஊதி நிரப்பி, கக்கத்தில் வைத்து அமுக்கினால் பாட்டு வரும். தோலில் ஒரு கீறலும் இருக்கக்கூடாது. கிண்ணியாவிலிருந்து வந்து இறைச்சிக்கடை போட்டிருந்த முஸ்லிம் காக்காவிடம் கூட்டிப்போனேன்.

“வகுத்தக் கீறாம உரிக்கிறதா? ஆடு என்ன தம்பி, சட்டையா போட்டிருக்கு, கழட்டி எடுக்க?”

சிரித்தாலும், மினக்கெட்டுக் கழுத்து வழியே முழுத்தோலாக உரித்துத் தந்தார்.

ஒவ்வொரு மத்தியானமும் மாணிக்கண்ணை ஊதுவார், பெரும்பாலும் ஒரே பாட்டு. அவர் ஊரில் பெண்ணைக் கல்யாணத்துக்கு அழைத்துப்போகும்போது ஊதுவது. ஊரை ஜெர்மன்காரன் பிடித்திருந்தான், பஞ்சம். சேர்ந்து ஊதிய கூட்டாளிகள் கப்பலோடு போய்விட்டார்கள். “என் விரல் மறந்தால் அவ்வளவுதான், வேறு ஆளில்லை” என்பார். கங்காணி செல்லத்துரை அவருக்கு முன்னால் குந்தி, அதே மெட்டில் “மே… மே…” என்று கத்துவான். பட்டறையே உருண்டு சிரிக்கும்.

“மாணிக்கண்ணை, ஆடு இன்னும் சாகேல்லையோ?”

அவரும் விளங்காமல் தலையாட்டிச் சிரிப்பார்.

சித்திரை வருசத்துக்குப் பலகாரம் சுடுகிற நேரத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். ஊரே காட்டுக்கு ஓடியது. திரும்பி வந்தவர்கள், விமானத்துக்கு ஊதும் அபாயச் சங்கு கேட்டால் கையிலிருப்பதோடு பதுங்குகுழிக்குள் பாய்வார்கள். அந்தத் தோல்பை காற்றுப் பிடிக்கும்போது முதலில் ஒரு ஓலம் எழும்பும், அடியிலிருந்து மேலே, சங்கு மாதிரியே. செல்லத்துரை அதைக் கவனித்துவிட்டான்.

ஒருநாள் கதிரை ஒன்றைத் தூக்கிவந்து கேற்றடி மதிலோரம் வைத்தான். “இதில இருந்து ஊதுங்கோ அண்ணை. சனம் கேக்க ஆசைப்படுது.” சொன்னது விளங்காவிட்டாலும் கதிரை விளங்கியது. மாணிக்கண்ணை தலையை நனைத்து வாரிக்கொண்டார், சப்பாத்துப் போட்டார். எனக்கும் சந்தோஷம்தான். மதிலுக்கு வெளியே, வெருகல் பக்கத்திலிருந்து புதிதாக வந்த கூலிகளின் பெண்சாதிமார் சோற்றுப் பெட்டிகளோடு நின்றார்கள். அவர்கள் இந்த வாத்தியத்தைக் கேட்டதில்லை.

ஓலம் எழும்பியது.

“சங்கு! சங்கு! ஓடுங்கோ!” என்று செல்லத்துரை கத்தினான்.

பெண்கள் பதுங்குகுழிக்குள் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள். மதிலுக்கு இந்தப் பக்கம் இவர் கண்ணை மூடிக் கல்யாணப் பாட்டைத் தொடங்கியிருந்தார். குழியின் அடியில் கிடந்த ஒருத்தி எழும்பவேயில்லை. பெட்டியின் மூடி அவள் கையில் அப்படியே இருந்தது.

வெள்ளைக்கார அதிகாரி வந்தார். “நான் வேண்டாமெண்டு சொன்னனான் ஐயா, இந்தாள் கேக்கேல்லை” என்றான் செல்லத்துரை. நான் படித்த இங்கிலீஷ் முழுவதையும் கூட்டி நடந்ததைச் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “நன்றாகப் பேசுகிறாய், எந்தப் பள்ளிக்கூடம்?” என்றார். பிறகு கத்தியைச் செல்லத்துரையிடம் நீட்டினார்.

அவன் தோல்பையைக் கழுத்திலிருந்து வயிறுவரை கீறினான். காற்று ஒருதரம் முனகிப் போய்விட்டது. மாணிக்கண்ணை அதைப் பார்க்கவில்லை. செத்தவளின் புருஷன் யார் என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். போய்க் குழலை அவனிடம் நீட்டினார். அவன் வாங்கி, காலடியில் போட்டு மிதித்தான்.

பிறகு ஏதோ ஒரு கப்பல் அவரை ஏற்றிப்போனது. பதுங்குகுழியை மூடிய இடத்தில் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன. சங்கையும் கழற்றிவிட்டார்கள். நேற்று அந்தத் தோல்களுக்கு முன்னால் நின்று கல்யாணப் பாட்டை ஞாபகத்துக்கு இழுத்துப் பார்த்தேன். இந்த ஊரில் அதை ஆசையாகக் கேட்டவன் நான் ஒருவன்தான். குழல் கேட்கவில்லை. மெட்டு மட்டும் பிசகாமல் வந்தது, செல்லத்துரையின் குரலில்: மே… மே…