ஹாரன் அடிக்கத் தெரியாதவள்

கனடாவில் பத்து வருடத்துக்கு மேல் கார் ஓட்டியவள் நான். பனி கொட்டும் காலையில் பெரிய பெரிய லாரிகளுக்கு நடுவே பாட்டு கேட்டுக்கொண்டே போயிருக்கிறேன். அம்மாவுக்காகப் பம்மலுக்குத் திரும்பி வந்ததும், அதெல்லாம் கணக்கில் இல்லை என்று ஆகிவிட்டது.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் தொடர்ந்து பிசியோதெரபி செய்ய வேண்டும். ஆட்டோ குலுக்கலை அவள் தாங்கமாட்டாள். பெருங்களத்தூரிலிருந்து தம்பி ஆபீசில் பர்மிஷன் போட்டுவிட்டு வந்து, வாசலில் நிற்கும் காரில் கூட்டிப்போவான். அவனுக்கு மீட்டிங் என்றால் அன்றைக்கு அம்மாவுக்குப் பயிற்சி கிடையாது. இப்படி விட்டு விட்டு வந்தால் கால் மடங்காமலே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் ஓட்டுகிறேன் என்றால் தம்பி சிரிப்பான். "அக்கா, அங்க ரோடே ஓட்டும், நீ சும்மா உக்காந்திருப்ப. இங்க செட் ஆகாது. டிரைவர் பாக்கலாம்." டிரைவர் பார்க்கும் படலம் மாதக்கணக்கில் ஓடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் காலை, அம்மா புடவை மாற்றித் தயாராக உட்கார்ந்திருந்தபோது அவனிடமிருந்து போன். வர முடியாதாம். அம்மா கைப்பையைக் கீழே வைத்தாள். நான் சாவியை எடுத்தேன்.

தெருமுனையிலேயே மானம் போனது. இண்டிகேட்டர் என்று நினைத்து இடது பக்கக் கம்பியைத் தட்டினேன். கொளுத்தும் வெயிலில் வைப்பர் ஆட ஆரம்பித்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

நாகல்கேணி போகும் வழியில் முன்னால் ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றது. நானும் பின்னால் மரியாதையாக நின்றேன். எனக்குப் பின்னால் ஊரே அலறியது. இந்த ஜனங்களுக்கு என்ன அவசரமோ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

"எதுக்குடி நிக்கிற?" என்றாள் அம்மா.

"டிராஃபிக்மா."

"என்ன டிராஃபிக்? அவன் சிமெண்ட் மூட்டை எறக்கிட்டிருக்கான். ஹாரன் அடி."

கை வரவில்லை. நான் இருந்த ஊரில் ஹாரன் அடித்தால் நடுத்தெருவில் ஒருவரை நிறுத்தி வைத்துத் திட்டியது போல. முன்னால் இருப்பவர் முகம் சிவந்துவிடும். நான் தயங்குவதைப் பார்த்த அம்மா, தானே எட்டி உள்ளங்கையை வைத்து ஒரே அழுத்து அழுத்தினாள்.

மூட்டை இறக்கியவர் ஓடி வந்தார். "இன்னா மேடம், இவ்ளோ நேரம் சும்மாவே நின்னுகினு கீறீங்க? ஒரு சவுண்டு குட்த்தா எட்த்திருப்பேன்ல?" துளிக் கோபமில்லை. உடனே வண்டியை நகர்த்தினார். இங்கே ஹாரனுக்கு 'அண்ணா, கொஞ்சம்' என்பதற்கு மேல் அர்த்தமில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு ஆசை தீர அடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப நன்றாக இருந்தது.

நெரிசலைத் தவிர்க்கலாம் என்று ஒரு சந்துக்குள் புகுந்தேன். எதிரே தண்ணி லாரி. ஒரு பக்கம் மூடாத கால்வாய், மறு பக்கம் காம்பவுண்டு சுவர். இரண்டில் ஒன்று பின்னால் போயாக வேண்டும். லாரியா போகும்? "லேடீஸ் வண்டிப்பா" என்று யாரோ சொல்வது கேட்டது. பைக்கில் வந்த ஒருவர் ஜன்னலில் குனிந்தார்.

"நீங்க எறங்குங்க மேடம், நான் ரிவர்ஸ் எட்த்துக் குட்க்கிறேன்."

"வேணாண்ணா. உங்க பைக்க மட்டும் ஓரங்கட்டுங்க."

பனிக்குவியலுக்கும் அடுத்தவர் காருக்கும் நடுவில் பத்து வருடம் வண்டி நிறுத்திய கை இது. கண்ணாடிகளை மட்டும் பார்த்து, சந்தின் முனை வரைக்கும் ஒரே சீராகப் பின்னால் வந்து, டீக்கடை ஓரம் ஒதுங்கி நின்றேன். சுவரிலும் உரசவில்லை, கால்வாயிலும் இறங்கவில்லை. லாரி டிரைவர் கடந்து போகும்போது கையைத் தூக்கி ஒரு சலாம் வைத்தார். அம்மா என்னமோ தனக்கே வைத்த மாதிரி தலையசைத்தாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அம்மா வழக்கத்தைவிட நன்றாகவே காலை மடக்கினாள். வெளியே வரும்போது தம்பி கூப்பிட்டான். வெள்ளிக்கிழமை எப்படியாவது பர்மிஷன் போட்டுவிடுவதாகச் சொன்னான். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"நீ ஆபீசுக்குப் போப்பா. எனக்கு வண்டி இருக்கு."

காரில் ஏறி உட்கார்ந்ததும் வீட்டுக்குப் போக வேண்டாம் என்றாள்.

"தாம்பரம் போ."

"தாம்பரத்துல என்னம்மா வேணும்?"

"ஒண்ணும் வேணாம். ஆபரேஷனுக்கு அப்புறம் ஆஸ்பத்திரி, வீடு, இந்த ரெண்டத்தான் பாத்துட்டிருக்கேன். சும்மா போ."