கண்ணாடிக்காரரின் தும்மல்

ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறும்போது தும்மல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கண்ணாடிக்காரருக்குத் தெரியும். நாக்கு நுனியை மேலண்ணத்தில் அழுத்தி, மூச்சை அப்படியே நிறுத்தி, கண்ணை மூடாமல் ஏறிவிட வேண்டும். கண்ணாடியைச் சுவரில் சாய்த்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் தும்மிக்கொள்ளலாம். அப்போது வரும் பாருங்கள், சரமாரியாக வரும். பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைக்கிற வரைக்கும் வரும். ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துவதே பிழைப்பு என்று இறங்கிய நாளிலிருந்து, தும்மலால் அவர் ஒரு கண்ணாடியைக்கூட உடைத்ததில்லை.

சாலையோர மரங்கள் பூத்து, நிறுத்தி வைத்த வண்டிகளின் மேல் மஞ்சள் மகரந்தத் தூள் படிய ஆரம்பித்தால் போதும். கண் இரண்டும் அரிக்கும். மூக்கு, சரியாக மூடாத குழாய்போலத் தண்ணீராக ஒழுகும். அண்ணத்துக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

"மரத்துக்குக் கல்யாணம்னா நீங்க ஏன் மாமா அழறீங்க?" என்பான் மச்சினன். மனைவியின் தம்பி, தொழிலில் கண்ணாடியின் மறுமுனையைப் பிடிக்கிறவன் அவன்தான்.

காய்ச்சல் கிடையாது, உடம்புவலி கிடையாது, பூ கொட்டி ஓய்ந்தால் தும்மலும் தானாக ஓய்ந்துவிடும். ஆனால் வேலைக்குப் போகிற வீடுகளில் யார் கேட்கிறார்கள்? அவர் ஒரு தும்மல் போட்டதும் பிள்ளைகளை உள்ளறைக்குத் தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். "இது சளி இல்லைங்க, அலர்ஜி, ஒட்டாது" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இந்த வருஷம் மரங்கள் பூத்த வாரத்தில் அவருக்கு மகள் பிறந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து, இனி பிள்ளை இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்த பிள்ளை. அதுவும் பொறுமையில்லாமல், மாதம் நிறையும் முன்பே வந்துவிட்டாள். மருத்துவமனையின் மேல்மாடியில் குறைமாதப் பிள்ளைகளுக்கென்று ஒரு வார்டு. அங்கே, கதகதப்பான பெட்டிக்குள், மூக்கில் ஒரு மெல்லிய குழாயோடு கிடந்தாள். தாயைப் போலவே தகப்பனும் உள்ளே போகலாம். சட்டையைத் திறந்து நெஞ்சோடு பிள்ளையை அணைத்துக்கொண்டு உட்காரலாம், அது பிள்ளைக்கு நல்லது என்றார்கள். ஆனால் இருமல், தும்மல் உள்ளவர் யாராக இருந்தாலும் வாசலோடு சரி.

முதல் நாள் வாசலில் தலைமை நர்ஸ் கேட்டார்: "சளி, இருமல், தும்மல் ஏதாவது இருக்கா சார்?"

கண்ணாடிக்காரர் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார். நாக்கு மேலண்ணத்தில் அழுந்தியிருந்தது. மாடிப்படியில் செய்வதை அப்படியே செய்தார். கதவு திறந்தது. உள்ளே கைகழுவும் தொட்டியில் முழங்கைவரை சோப்பு போட்டுக் குனிந்தார் பாருங்கள், அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது.

"சார்! வெளிய வாங்க."

"சிஸ்டர், இது சளி இல்ல. மரம் பூத்தா எனக்கு வருஷா வருஷம்..."

"அப்ப கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே? ஏன் அடக்கிக்கிட்டு நின்னீங்க?"

கையில் உடையக்கூடிய பொருள் இருந்தால் தும்மலை அடக்குவது பழக்கம் என்று எப்படிச் சொல்வது?

"நமக்கு வெறும் ஜலதோஷம். உள்ள இருக்கறதுங்களுக்கு அதுவே மூச்சுத் திணறல். டாக்டர் யாராவது பார்த்துச் சொல்லட்டும், விடறேன். உங்க வாயால சொன்னா இனிமே நம்ப மாட்டேன்."

அதன்பிறகு அவருக்கு வராந்தா ஜன்னல்தான். இரட்டைக் கண்ணாடி; நடுவில் காற்றை அடைத்து ஒட்டியது. ஓர ரப்பர் ஒரு மூலையில் பிதுங்கிக்கொண்டிருந்தது. "யாரோ அவசரத்துல போட்டிருக்கான்" என்று முணுமுணுத்தார். அந்த ஜன்னலைப் பற்றி அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். அதற்கு அப்பால் கிடந்ததைப் பற்றி ஒன்றும் சொல்ல வரவில்லை.

மனைவி மருத்துவமனையிலேயே தாய்மார் அறையில் தங்கியிருந்தாள். சாயங்காலம் வராந்தாவுக்கு வந்து பக்கத்தில் உட்காருவாள்.

"இன்னிக்கு என் விரலைப் பிடிச்சாளுங்க உங்க பொண்ணு."

"எப்படிப் பிடிச்சா?"

"எப்படின்னா? பிடிச்சா. அதையெல்லாம் சொல்லிக் காட்ட முடியுமா? வந்து பாருங்க." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "உங்க குரல்கூட அவளுக்குத் தெரியாதுங்க" என்றாள், மெதுவாக.

கண்ணாடிக்காரர் ஒரு டாக்டரம்மாவிடம் போனார். அந்த அம்மா, கண் அரிக்கிறதா, உடம்பு வலிக்கிறதா, காய்ச்சல் உண்டா, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டால் குறைகிறதா என்று கேட்டு, மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"அலர்ஜிதான். மூக்குல அடிக்க ஸ்ப்ரே தரேன். இன்னிக்கு அடிச்சு இன்னிக்கே கேக்காது, விடாம அடிங்க. தும்மல் நின்னதும் சொல்லுங்க, வார்டுக்கு நானே போன் பண்றேன்."

கண்ணாடிக்காரர் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. அலர்ஜி இருக்கறவருக்குச் சளி பிடிக்காதுன்னு ஒண்ணும் கிடையாது. ரெண்டும் சேந்தும் வரும். தொண்டை வலிச்சாலோ, உடம்பு அசந்தாலோ அது வேற. அன்னிக்குப் பிள்ளைகிட்ட போகாதீங்க."

அவர் தலையாட்டினார். அந்தக் கடைசிப் பேச்சு காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. போன் பண்றேன் என்ற சொல்லே காதை அடைத்துவிட்டது.

ஸ்ப்ரே வேலை செய்தது. தும்மல் ஒவ்வொன்றாக விடைபெற்றது. அந்த நேரம் பார்த்து மச்சினன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலைக்கு வந்தான்.

"உங்களுது எனக்கு ஒட்டிக்கிச்சு மாமா."

"அலர்ஜி ஒட்டாதுடா மடையா."

"அப்ப எனக்கும் அலர்ஜிதான். பரம்பரை வியாதி."

"உனக்கும் எனக்கும் ஏதுடா பரம்பரை? உங்க அக்காவைக் கட்டிக்கிட்ட பாவம் ஒண்ணுதான் எனக்கு!"

இருவரும் வேன் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரே டம்ளரில் மாற்றி மாற்றி டீ குடித்தார்கள். அவன் தொண்டையைச் செருமிச் செருமிப் பேசியதும், வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் அவர் கண்ணில் படத்தான் செய்தது. ஊருக்கெல்லாம் வித்தியாசம் சொன்ன மனுஷனுக்கு, பக்கத்து சீட்டில் இருப்பது என்ன என்று யோசிக்கத் தோன்றவில்லை.

தும்மல் நின்றதும் டாக்டரம்மா வார்டுக்குப் போன் செய்தார்; மறுநாள் கண்ணாடிக்காரர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார். நர்ஸ் இந்த முறை சிரித்தார்.

"வாங்க சார். தும்மல் எப்படி இருக்கு?"

"தும்மலே இல்ல சிஸ்டர்."

அது சத்தியம். கதவு திறந்தது. உள்ளே மனைவி நாற்காலியைத் துடைத்து, அவருக்காகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சோப்பு போட்டார். முழங்கைவரை தேய்த்தார். எச்சில் விழுங்கினார். தொண்டையில் ஏதோ கீறியது. மறுபடி விழுங்கினார். காலையில் எழுந்ததிலிருந்தே விழுங்கிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தூக்கமில்லாததால் என்று சொல்லிக்கொண்டார். தோள்பட்டை வலியை, நேற்றுத் தூக்கிய கண்ணாடியின் தலையில் போட்டார். கண் அரிக்கவில்லை. அண்ணத்தில் எறும்பு இல்லை. இது அலர்ஜி இல்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நாக்கு தானாக மேலண்ணத்துக்குப் போனது.

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"சிஸ்டர்," என்றார். "தொண்டை வலிக்குது."

நர்ஸ் சிரிப்பை மாற்றவில்லை. அது தானாகக் கரைந்தது. "எப்பலேர்ந்து?"

"காலையிலேர்ந்து. கூட வேலை செய்யறவனுக்குச் சளி."

"நேத்து சாயங்காலம் வராந்தாவுல உங்க வீட்டுக்காரம்மாகூட உக்காந்து பேசினீங்கல்ல?"

இதை அவர் நினைக்கவே இல்லை. குழாயை மூடினார்.

"சரி, சொன்னீங்களே, அது போதும். அவங்களும் இனி மாஸ்க் போட்டுக்கட்டும், பார்ப்போம். நீங்க போங்க சார். கையைத் துடைச்சுக்கிட்டுப் போங்க."

சுற்றிக்கொண்டு வராந்தா ஜன்னலுக்கு வந்தார். உள்ளே நர்ஸ் மனைவியிடம் ஏதோ சொன்னார். மனைவி நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். அவள் கையில் மாஸ்க் இருந்தது, இன்னும் கட்டவில்லை. உதடு அசைந்தது. கேட்கிறாளா, திட்டுகிறாளா, தெரியவில்லை. அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அவள் மறுபடி ஏதோ சொன்னாள், இந்த முறை கத்துகிற மாதிரி இருந்தது.

இரட்டைக் கண்ணாடியில் சத்தம் வராது. உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது என்று ஒவ்வொரு வீட்டிலும் அவரே பெருமையாகச் சொல்லி விற்பதுதான். பெட்டிக்குள் மகளின் வாய் திறந்து திறந்து மூடியது. அழுகிறாள் போலிருந்தது.