ஓய்வுநாளில் சுடாத அப்பம்: எண்டிங்கனில் ஒரு ஞாயிறு

எண்டிங்கனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது மணிக்கூடு. இந்தச் சுவிஸ் கிராமத்தில் தேவாலயக் கோபுரம் இல்லை. ஊருக்கே நேரம் சொல்லும் மணிக்கூடு யூதர்களின் தொழுகைக்கூட முகப்பில் இருக்கிறது. அப்போது 1.40.

அந்த நேரம் நான் எங்கள் ஊரான ஷ்லீரனில், சித்தப்பாவின் சமையற்கூடத்தில், கோயில் பூசைக்கு வடை சுட்டுக்கொண்டு நின்றிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு எட்டு மாதம். ஒரு ஞாயிறும் எனக்கென்று இருந்ததில்லை. கேட்டால், "சாமி வேலைக்கு லீவோ பிள்ளை?" என்பார். திரும்பிப் போய் உழுந்து அரைப்பேன்.

அன்று காலை "இண்டைக்கு வரமாட்டன்" என்று சித்தப்பாவுக்கு எழுதி அனுப்பிவிட்டுப் போனை அணைத்தேன். நூலகத்தில் ஒரு அறிவித்தல் பார்த்திருந்தேன்: எண்டிங்கன் தொழுகைக்கூடத்தில் யூதர்களின் கோயில் அப்பம் பற்றி விளக்கும் வழிகாட்டிச் சுற்று, இரண்டு மணிக்கு, இலவசம். பாடனுக்கு ரயில் 17 நிமிடம், அங்கிருந்து பஸ் 22. அரைக்கட்டண அட்டையுடன் போகவர 13 பிராங் 20.

சுற்றிக் காட்டியவர் ராகேல் என்ற மாணவி. அவர் சுவிஸ் ஜெர்மனில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"எருசலேம் கோயிலில பொன் மேசையில பன்னிரண்டு அப்பம் இருக்கும். ஒவ்வொரு ஓய்வுநாளும், அதாவது சனிக்கிழமை, பழசை இழுக்க இழுக்கப் புதுசை வைப்பினம். மேசை ஒரு கணமும் வெறுமையா இராது. ஆனா ஓய்வுநாளில சுடக்கூடாது. வெள்ளியே சுட்டு முடிக்கவேணும்."

"அப்ப கடவுளுக்குப் பழைய பாணோ?" என்றார் தொப்பிக்காரர் ஒருவர்.

"அடுத்த சனி எடுக்கேக்க சுட்டு ஒன்பதாம் நாள். சாப்பிடுறது பூசாரிகள்தான், கவலைப்படாதேங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். என் கை தானாக உயர்ந்தது. "கடவுளுக்கு எண்டாலும் ஓய்வுநாளில சுடக்கூடாதோ?"

"கடவுளுக்கு எண்டாலும்தான். முதல் நாளே செய்யக்கூடிய வேலைக்காக ஓய்வுநாளை விடேலாது."

திரும்பும் பஸ் முழுக்க அந்த ஒரு வசனம்தான். சாமியின் மேசை வெறுமையாக இருக்கவும் இல்லை, ஒருவரின் ஓய்வுநாள் பறிபோகவும் இல்லை. அப்படியானால் என் ஞாயிறை இவ்வளவு நாளும் எடுத்தது சாமி இல்லை.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை போகாதீர்கள், சுற்று இல்லை. உள்ளே குளிர், ஜாக்கெட் வேண்டும். ஞாயிறில் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை முதலே பார்த்து வையுங்கள்.

6.10க்கு ஷ்லீரன். சித்தப்பா எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"மகாராணி வந்திட்டா! சாமி கேட்டவர், எங்க என்ர வடைக்காரி எண்டு."

"இனி சனியே செய்து வைக்கிறன் சித்தப்பா. ஞாயிறு வரமாட்டன்."

"ஊசின வடையையோ சாமிக்கு வைக்கிறது?"

"வடை இல்லை, அரியதரம். சீனிப் பலகாரம், ஒரு கிழமைக்கும் கெடாது."

"கோயில் ஐயர் வடைதான் கேட்பார்."

"அப்ப நீங்கள் சுடுங்கோ."

"பாப்பம், பாப்பம். ஞாயிறு வராமல் எங்க போறாய் எண்டு பாப்பம்."

அடுத்த சனி பகல் பன்னிரண்டுக்கு அறுபது அரியதரத்தை டின்னில் அடுக்கி மேசையில் வைத்தேன். மூடியின் மேல், ஞாயிறுகளில் நான் சமையற்கூடக் கதவைத் திறக்கும் திறப்பை வைத்துவிட்டு ரயிலுக்கு நடந்தேன்.