மெஹராஜ் தைத்த பை

மெஹராஜுக்குத் தாராவியில் இருப்பது ஒரே அறை. பகலில் அது தோல் பை தைக்கும் பட்டறை, ராத்திரியில் வீடு. ஜூலை மழையில் அதற்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. வடிந்த மறுநாளே சேற்றை வாரிக் கொட்டி, அடுப்பை மூட்டி, தையல் மெஷினைப் பிரித்துத் துடைத்து ஓட்டிவிட்டாள். ஆனால் தோல் வெட்டுவதற்கான அட்டை அளவுகள் அத்தனையும் கூழாகியிருந்தன. பதினைந்து வருஷமாக அவளே வரைந்து வெட்டியவை.

“கடையில ரெடிமேடா அட்டை விக்கான். வாங்கிட்டு வரட்டா?” என்றார் புருஷன் ஹனீப்.

“எவனோ போட்ட அளவுல தச்சா அது எப்படிங்க என் பையாகும்?”

பழைய வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். பையைக் கொண்டு வந்தால் தையலைப் பிரித்து அளவெடுத்துவிட்டு, மறுபடி புதிதாகத் தைத்துத் தருவதாகச் சொன்னாள். தாணேயிலிருந்தும் டிராம்பேயிலிருந்தும் பைகள் வந்தன. முதல் ஆளாக வந்தவர் நெருளில் இருக்கும் பார்வதியம்மாள். பன்னிரண்டு வருஷமாகத் தினமும் ரயிலில் நசுங்கிய பை அவருடையது.

மெஹராஜ் பிளேடை எடுத்து அடித்தையலில் வைத்தாள். நூல் அசையவில்லை. அழுத்தினாள். பிளேடுதான் உடைந்தது.

“என்ன புள்ள, நீ தச்சதுதான, உனக்கே பிரிய மாட்டேங்கு?” என்று சிரித்தார் ஹனீப்.

மெஹராஜ் அடுத்த பிளேடை உறையிலிருந்து உருவினாள்.

“பிரிஞ்சு வரட்டும்னா தச்சேன்?”