மேட்டுப் பக்கத்தைக் காட்டினோம்

பத்தாம் வகுப்பில் ஒரு காலை, பள்ளிச் சீருடையின் பொத்தானை என்னால் போட முடியவில்லை. விரல்கள் இருக்கின்றன, பொத்தான் இருக்கிறது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "எந்நேரமும் போன நோண்டுனா கை வேற எப்படி இருக்கும்?" என்று திட்டிக்கொண்டே அம்மா போட்டுவிட்டாள். முதல் பாடவேளை முடிவதற்குள் விரல்கள் தானாகவே இளகிவிட்டன. நானும் மறந்துபோனேன்.

மறுநாளும் அப்படித்தான். பிறகு தினமும். நீடாமங்கலத்தை ஒட்டிய எங்கள் ஊரில் மூட்டு வலித்தால் சிக்குன்குனியா என்றுதான் சொல்வார்கள்; எனக்கும் அதையே சொன்னார்கள். கசாயம் குடித்தே சில மாதங்கள் போயின. மணிக்கட்டு வீங்கிய பிறகுதான் தஞ்சாவூருக்குப் போனோம்.

"இளம்பருவ மூட்டழற்சி" என்றார் மருத்துவர் (கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் காவல், ஆள் தெரியாமல் நம் மூட்டுகளையே தாக்குவது). காலையில் விரல் மடங்காததற்குக் காலை விறைப்பு என்று பெயர் (தூங்கி எழுந்ததும் மூட்டு பூட்டிக்கொள்வது, நேரம் போகப் போக விடும்).

"இது குணமாகுமா டாக்டர்?"

"அடக்கி வைக்கலாம்மா. மாத்திரைய விடாம போடணும்."

"நான் டாக்டருக்குப் படிக்கணும்."

அவர் சிரித்தார். "அப்ப இன்னும் ஒழுங்கா போடணும்."

நோயைவிட அதை மறைப்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய வேலையாக இருந்தது. "வெளியில மூச்சு விடாத. நாளைக்கு ஒரு எடம் வந்தா என்னன்னு சொல்றது?" என்பாள் அம்மா. முழுக்கைச் சட்டை, துப்பட்டாவுக்குள் விரல்கள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குளிர்கிறது என்பேன். சித்திரை வெயிலில், எங்கள் ஊரில்! அதையும் நம்பினார்கள்.

நுழைவுத் தேர்வுக்கான பயிற்சியில்தான் மாட்டிக்கொண்டேன். விடைத்தாளில் வட்டங்களைக் கறுப்பாக்க வேண்டும். பாதிக்கு மேல் விரல் விட்டுப்போகும். விடை தெரிந்தே கடைசி வரிசைகளை வெள்ளையாக விட்டு எழுந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மருத்துவர்தான் வழி சொன்னார்: ஊனச் சான்றிதழில் நாற்பது சதவீதம் இருந்தால் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கும்.

அப்பா அசையவில்லை. அவர் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர், கட்சிக்காரர். நிலத்தை விட்டு வெளியேறச் சொன்ன வழக்கில் வாய்தாவுக்கு வாய்தா அலைந்து நிலத்தைக் காப்பாற்றியவர். "நம்ம ஆட்சி வந்தாச்சு பாப்பா. அந்தப் பரீட்சையே இருக்காது. இதுக்குப் போயி ஊனம்னு எழுதி வாங்குவாங்களா?" என்றார். ஆட்சி வந்தது, பரீட்சை வேண்டாமென்று சட்டசபையில் தீர்மானம் வந்தது, பரீட்சையும் வந்தது. வேறு வழியில்லாமல் மருத்துவக் குழுவின் முன் போய் நின்றோம்.

போன விதத்தைக் கேளுங்கள். அம்மா விடியலிலேயே எழுப்பி, வெந்நீரில் கையை ஊறவைத்து, எண்ணெய் தேய்த்து, வலி மாத்திரை கொடுத்து, புதுச் சுடிதார் போட்டுவிட்டுக் கூட்டிப்போனாள். எங்கள் முறை வந்தபோது நண்பகல். பொத்தான் போடச் சொன்னார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாகப் போட்டேன். குழு மருத்துவரின் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். "எம்பொண்ணு எல்லாம் நல்லா பண்ணும் சார்" என்றார் அப்பா, பெருமையாக. நாற்பதுக்குக் குறைவாகத்தான் போட்டார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? நாங்கள் காட்டியதைத்தானே பார்த்தார்கள்.

அந்த ஆண்டு கூடுதல் நேரம் இல்லாமல் எழுதினேன். இடம் கிடைக்கவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

ஐப்பசியில் அடைமழை. வடிகால் வாய்க்கால் உடைத்துக்கொண்டு எங்கள் சம்பா மூழ்கியது. சேதம் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். மேட்டுப் பக்கம் கொஞ்சம் பச்சை மிஞ்சியிருந்தது. அப்பா அந்தப் பக்கமே திரும்பவில்லை. அவர்களைப் பள்ளத்துக்கு அழைத்துப்போய், முழங்கால் தண்ணீரில் இறங்கி, அழுகிய பயிரைக் கொத்தாகப் பிடுங்கி நீட்டினார். "மோந்து பாருங்க சார்" என்றார்.

அவர்கள் போன பிறகு வரப்பில் நின்ற நான் கேட்டேன். "ஏம்ப்பா, மேட்டுப் பக்கம் நல்லாத்தானே இருக்கு. அதக் காட்டலையா?"

"அதக் காட்டினா நிவாரணம் எப்படி வரும்? அடிபட்ட எடத்தத்தான் காட்ட..." பேச்சு பாதியில் நின்றது. சேற்றுக் கையோடு என் கையைப் பிடித்து, வீங்கிய மணிக்கட்டைப் பார்த்தார். "அடப்பாவமே" என்றார் மெல்ல.

மறு மதிப்பீட்டுக்கு அப்பாதான் மனு எழுதினார். இந்த முறை தினமும் போடும் மாத்திரையை நிறுத்தவில்லை, அலங்காரத்தை நிறுத்தினோம். வெந்நீர் இல்லை, எண்ணெய் இல்லை, வலி மாத்திரை இல்லை. காலையில் முதல் ஆளாகப் பார்க்கச் சொல்லி என் மருத்துவர் கடிதம் கொடுத்திருந்தார்.

"போன தடவ நல்லாத்தானே செஞ்சீங்க?" என்றார் குழுவிலிருந்த ஒருவர்.

"போன தடவ மேட்டுப் பக்கத்தக் காட்டிட்டோம் சார்" என்றார் அப்பா. அவருக்குப் புரியவில்லை. அப்பா விளக்கினார். கேட்டு முடித்ததும் அவர் ஒரு சட்டையை என் பக்கம் நகர்த்தினார்.

முதல் பொத்தானிலேயே நின்றுவிட்டேன். உதவிக்கு எழுந்த அம்மாவை அப்பா கையைப் பிடித்து உட்காரவைத்தார். எல்லோரும் பார்க்க, என் விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. அவமானத்தில் கண் கலங்கியது. கொஞ்ச நேரத்தில் அவமானம் போய், பெரிய நிம்மதி வந்தது. மறைக்க ஒன்றுமில்லாத கை எவ்வளவு லேசாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. சான்றிதழ் நாற்பதைத் தாண்டியது.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இப்படி ஒரு பிள்ளை இருந்தால், மருத்துவக் குழுவிடம் கூட்டிக்கொண்டு போகும் அன்று நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளச் சொல்லாதீர்கள். பொய் வேண்டாம். உள்ளதை, உள்ள நேரத்தில் காட்டினால் போதும்.

அடுத்த தேர்வில் மணி அடித்ததும் மற்றவர்கள் எழுந்து போனார்கள். கண்காணிப்பாளர் அருகில் வந்தார். "இன்னும் முடியலையாம்மா?"

"இல்ல சார். எனக்கு இன்னும் நேரம் இருக்கு."

விரல்களை மடக்கி விரித்து, கொஞ்சம் ஓய்வு கொடுத்து, மறுபடி பேனாவை எடுத்தேன். கடைசி வரிசை வரை கறுப்பானது.

இப்போது மருத்துவக் கல்லூரி விடுதியில் இருக்கிறேன். நோய் போகவில்லை, அடங்கியிருக்கிறது. சில காலைகளில் வெள்ளைக் கோட்டின் பொத்தானோடு மல்லுக்கட்டு நடக்கும். "லேட்டாகுதுடி, குடு நான் போட்டு விடுறேன்" என்பாள் அறைத்தோழி.

"நீ முன்னால போ. எனக்கு நேரமாகும்" என்பேன், கதவைத் திறந்து வைத்தபடியே.