அண்ணனும் அணைக்கக் கூடாத இஞ்சினும்

அண்ணன் அறுவைச் சிகிச்சைக்குப் பயப்படுகிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். அண்ணி அப்படி நம்பினார். அவர்களுடைய மகள் கயல்விழியும் அப்படியே நம்பினாள். பிறந்தது முதல் அவரை அறிந்தவள் என்று சொல்லிக்கொள்ளும் நானும் வேறு எதையும் நினைக்கவில்லை. பணிக்காலம் முழுவதும் மலைபோன்ற சுமையைத் தமக்குப் பின்னால் இழுத்துச் சென்ற மனிதர் ஒரு கத்திக்கு அஞ்சுகிறாரே என்று வருந்தினோம். அவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நாங்கள் நம்பியது சரியில்லை என்பதை இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் நண்பரும் அறிய வேண்டும்.

அண்ணன் பிறந்தது கருங்குழியை ஒட்டிய எங்கள் சிற்றூரில். அப்பா ஏரித் தண்ணீரை நம்பி நெல் பயிரிட்டவர். ஏரி நிரம்பாத ஆண்டுகளில் அடுப்பு ஒரு வேளைதான் எரியும். ரயில் பாதை எங்கள் வயலின் வரப்புக்கு அப்பால் ஓடியது. ஆனால் அதைப் பார்த்து ஏங்கி அண்ணன் ரயில்வேக்குப் போகவில்லை. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு முதலில் கிடைத்த வேலை டீசல் உதவி ஓட்டுநர் வேலை. வீட்டு நிலையை எண்ணி ஏற்றுக்கொண்டார். நான் கல்லூரிக்குப் போனதும், பின்னர் ஒரு கல்லூரியிலேயே நூலகரானதும் அவர் இஞ்சின் ஏறியதால்தான். அதனாலேயே கடைசிவரை என்னை "டீச்சரம்மா" என்று கேலியாக அழைத்தார். நூலகர் வேறு, ஆசிரியர் வேறு என்று எத்தனை முறை சொல்லியும் திருத்திக்கொள்ளவில்லை.

சரக்கு வண்டிக்கென்றே ஆக்கப்பட்ட டீசல் இஞ்சின் வரிசையில்தான் அவர் பணியின் பெரும்பகுதி கழிந்தது. அகலப் பாதைக்கு டபிள்யூ, டீசலுக்கு டி, கூட்ஸுக்கு ஜி என்று மூன்றெழுத்தில் தொடங்கும் அதன் பெயரைச் சொந்தக்காரர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்வார். டீசல்தான் நேராகச் சக்கரத்தைச் சுழற்றுகிறது என்று நான் எண்ணியிருந்தேன். "அதான் இல்ல டீச்சரம்மா. டீசலு கரண்டு பண்ணும், கரண்டு மோட்டாருக்குப் போவும், மோட்டாருதான் சக்கரத்த சுத்தும்" என்று சோற்றுத் தட்டில் ரசத்தால் கோடு போட்டுக் காட்டினார். வேகம் குறைவு, இழுப்பு அதிகம். கூட்ஸுக்கு அதுதான் வேண்டும் என்பார்.

அந்த வரிசையின் பழைய இஞ்சின்களில் பணியாற்றியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிக்னலுக்காக வழியில் எவ்வளவு நேரம் நின்றாலும் இஞ்சினை அணைக்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய இஞ்சினை முதலில் உருட்டிவிட வேண்டியது பேட்டரி. அது சோர்ந்திருந்தால் அணைத்த இஞ்சின் மறுபடி எழாது. இஞ்சின் நின்றால் காற்றழுத்தமும் இறங்கி, வண்டி முழுவதும் பிரேக் பிடித்துக்கொள்ளும். எனவே ஆளில்லாத பொட்டலிலும் அது உறுமிக்கொண்டே நிற்கும்.

அண்ணிக்குக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் அலுவலக வேலை. அதனால் சதுரங்கப்பட்டினத்தில் வீடு கட்டினார்கள். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஸ்கூட்டரில் செங்கல்பட்டுக்குப் போய்ப் பணியில் ஏறுவார் அண்ணன். தீபாவளி, பொங்கல் என்று எந்த நல்ல நாளிலும் அவர் வீட்டில் இருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. பல ஆண்டு இஞ்சின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். புதிதாக வருபவர்கள் அவர் கோபக்காரர் என்று எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் அவர் எவரிடமும் கோபித்து நான் பார்த்ததில்லை.

ஓய்வுக்குச் சில ஆண்டுகள் இருக்கும்போது அதே வரிசையின் புது இஞ்சின்கள் வந்தன. கைப்பிடிகளும் முள் காட்டும் கடிகாரங்களும் இருந்த இடத்தில் கணினித் திரை வந்தது. தலை நரைத்த அண்ணன் பயிற்சிக்குப் போனார். அங்கே கொடுத்த ஆங்கிலக் கையேட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசித்துப் பொருள் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அவர் முகத்தில் பொறுமையைத் தவிர வேறெதையும் நான் கண்டதில்லை. பிறகு பாதைகளுக்கெல்லாம் மின்கம்பி வந்தது. டீசலிலேயே தொடங்கியவர் டீசலிலேயே ஓய்வு பெற்றார்.

சென்ற ஆண்டு கோடையில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத்தின் மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு என்றார் மருத்துவர். பைபாஸ் செய்துவிடலாம், தாமதிக்க வேண்டாம் என்றார். எப்படிச் செய்வார்கள் என்று அண்ணன் கேட்டார். சிறிது நேரம் இதயத்தை நிறுத்திவைத்து, வேலை முடிந்ததும் மீண்டும் இயக்குவோம் என்று மருத்துவர் நல்லெண்ணத்தோடு விளக்கினார். அண்ணன் அப்போதே எழுந்துவிட்டார்.

"ஓடிக்கினு கீறத எதுக்கு நிறுத்தணும்?" இவ்வளவுதான் அவர் பதில். அண்ணி கெஞ்சினார். கயல்விழி அழுதாள், சிறுசேரி அலுவலகத்திலிருந்து நாள்தோறும் தொலைபேசியில் அழைத்து அதையே பேசினாள். நான் இதய நோய் குறித்த நூல்களைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். மாத்திரையை ஒழுங்காக விழுங்குவார். அறுவை என்றால் பேச்சை மாற்றுவார். கோடை போய் மழைக்காலம் வந்தது. கடற்கரைவரை நடந்தவர் தெருமுனைவரை நடந்தார். பின்பு வாசலோடு நின்றார்.

அந்த நிலையில்தான் ஏழுமலை வந்தார். அண்ணனிடம் நெடுங்காலம் உதவி ஓட்டுநராக இருந்தவர். இன்று தாமே மின்சார இஞ்சின் ஓட்டுபவர். அண்ணன் மறுக்கிறார் என்று கேட்டதும் அவருக்குக் காரணம் விளங்கிவிட்டது. சமையலறையில் என்னிடமும் அண்ணியிடமும் அதைச் சொன்னார். அண்ணன் ஓட்டுநரான புதிதில், விழுப்புரத்துக்கு அப்பால், அன்று மின்கம்பி எட்டாத ஒற்றைத் தடத்தில் அவருடைய வண்டி வெகுநேரம் நின்றிருக்கிறது. டீசலை மிச்சப்படுத்தலாம் என்று இஞ்சினை அணைத்திருக்கிறார். அது மறுபடி எழவில்லை. பின்னால் வந்த பயணி வண்டியும் நின்றுபோனது. வெயிலில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இறங்கி, அண்ணனின் இஞ்சினைத் தாண்டி, அடுத்த நிலையத்துக்கு நடந்திருக்கிறார்கள். அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியாமல் அண்ணன் உள்ளே உட்கார்ந்திருந்தாராம். அதன்பின் அவர் வழியில் எந்தப் பழைய இஞ்சினையும் அணைத்ததில்லை. இதை அண்ணியிடம்கூட அவர் சொன்னதில்லை.

ஏழுமலை கூடத்துக்குப் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். காது கேட்க வேண்டுமே என்று உரக்கவே பேசினார்.

"அண்ணாத்த, புது இஞ்சினு வந்தப்ப யாரு திட்டுனது? தானா அணைஞ்சுபூடுது சனியன்னு நீதான திட்டுன?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"அப்பால அணைஞ்ச இஞ்சின்லயே உக்காந்து டீ குடிச்சது யாரு? பக்கத்துல சின்ன மிஷினு ஓடிக்கினு இருந்துச்சில்ல? காத்து, பேட்டரி எல்லாத்தையும் அது பாத்துக்கினுச்சா இல்லியா? ஆஸ்பத்திரியிலயும் அதே கதைதான். நெஞ்சு நிக்கிறப்ப ரத்தத்த ஓட்றதுக்கு ஒரு மிஷினு கீது. நான் விசாரிச்சுட்டுத்தான் வரேன்."

அண்ணன் சொன்னார்: "எனக்கு இன்னா ஆனா இன்னாடா. கயலு கீறா, உங்க அண்ணி கீறா. நான் நடுவழில நின்னுட்டா அவங்கதான எறங்கி நடக்கணும்."

கதவருகே நின்ற அண்ணி கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. "நடக்கணும்னா நடந்துக்கிறோம். நீங்க முதல்ல ரிப்பேருக்கு ஷெட்டுக்குப் போங்க" என்றார்.

அண்ணன் சிரித்துவிட்டார். மறுநாள் நாங்கள் மருத்துவமனையில் இருந்தோம்.

காத்திருந்த மாதங்களில் இதயத்தின் தசை மெலிந்துவிட்டதாக மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் செய்தார். இதயத்தை நிறுத்தினார்கள்; சொன்னபடியே மீண்டும் இயக்கினார்கள். நினைவு திரும்பியதும் அண்ணியை உள்ளே விட்டார்கள். "ஓடுதா?" என்று கேட்டிருக்கிறார். "ஓடுது, நல்லா ஓடுது" என்று அண்ணி சொல்லியிருக்கிறார். நாங்கள் அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் இட்லி வாங்கிச் சாப்பிட்டோம். பல மாதங்களுக்குப் பிறகு ருசி தெரிந்து உண்டது அன்றுதான்.

அடுத்து வந்த நாட்களில் மெலிந்த இதயத்தால் உடலின் சுமையைத் தாங்க முடியவில்லை. சிறுநீரகம் தளர்ந்தது, பிறகு மூச்சு. ஒரு முற்பகலில், கயல்விழி கையைப் பிடித்திருக்க, அண்ணன் எங்களைப் பிரிந்தார். கோடையிலேயே இசைந்திருந்தால் என்று எண்ணாத நாள் எனக்கு இல்லை. ஆனால் அவரைக் கோழை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. தம் உயிரைக் குறித்து அவர் அஞ்சவில்லை. தமக்குப் பின்னால் இருந்த எங்களைக் குறித்தே அஞ்சினார். அந்த அச்சம்தான் அவரை எங்களிடமிருந்து பறித்தது என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இரத்தம் வேண்டும் என்றதும் பணி முடித்த களைப்போடு வரிசையில் வந்து நின்ற ஓட்டுநர் நண்பர்களுக்கும், இறுதிவரை முயன்ற மருத்துவருக்கும் செவிலியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் உணவு கொண்டுவந்த சதுரங்கப்பட்டினத்து அண்டை வீட்டாருக்கும், கயல்விழியைத் தங்கள் காரிலேயே மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அழைத்துச்சென்ற அலுவலகத் தோழியருக்கும், கருங்குழியில் தோள் கொடுத்துச் சுமந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஏழுமலைக்கு நன்றி சொன்னால் வருத்தப்படுவார், ஆகவே சொல்லவில்லை.

கயல்விழிக்கு வரன் அமைந்திருக்கிறது. தை மாதம் திருமணம். சனிக்கிழமைதோறும் சிறுசேரியிலிருந்து வந்து போகிறாள். மற்ற நாட்களில் வீட்டில் அண்ணியும் நானும் இருக்கிறோம்.